பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தியானமும் உபநிடதமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் ஞாயிறு காலைகளில் 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தியானமும் சாத்திரமும் சொல்லித் தருகிறோம். பெற்றோர் வண்டியை அணைக்காமலே வாசலில் கேட்கும் கேள்விகளும், உள்ளே பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் வருடா வருடம் ஏறக்குறைய அதேதான். பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் எல்லோருக்கும் வசதி என்று தோன்றியது. வீட்டிலேயே சொல்லித்தர நினைப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

எந்த வயதில் தொடங்குவது சரி?

சுலோகமோ தேவாரமோ மனப்பாடம் செய்ய ஐந்து வயதே போதும். ‘நான் யார்’ என்று உள்ளே ஆராயும் விசாரத்துக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும் வயது வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்றில் அது யாரும் சொல்லாமலே வந்துவிடுகிறது. நான் அழகா, நான் மக்கா, என்னை யாருக்காவது பிடிக்குமா, செத்துப்போனால் என்ன ஆவேன் என்று பிள்ளை ராத்திரியில் விழித்துக் கிடக்கும் வயது அது.

சாந்தோக்ய உபநிடதத்தில் சுவேதகேது என்ற பையன் குருகுலம் போனபோது வயது 12. யமனிடம் போன நசிகேதனைக் கட உபநிடதம் ‘குமாரன்’ என்றுதான் சொல்கிறது. 1896-இல் மதுரையில் ஒரு பள்ளி மாணவனுக்குத் திடீரென்று சாவுப் பயம் வந்தது. அவன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல விறைத்துப் படுத்து, ‘சாவது எது?’ என்று உள்ளே பார்த்தான். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்த அந்த வேங்கடராமனுக்கு அப்போது வயது 16.

வகுப்புக்கு வந்தால் சொன்ன பேச்சு கேட்பானா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதற்காக அனுப்புவதாக இருந்தால் அனுப்ப வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம்.

கட உபநிடதம் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். நசிகேதனின் அப்பா பெரிய யாகம் செய்து, இருப்பதையெல்லாம் தானம் கொடுக்கிறார். கொடுக்கும் பசுக்களோ கடைசித் தண்ணீரைக் குடித்து, கடைசிப் புல்லைத் தின்று, கடைசிப் பாலையும் கறந்து முடித்தவை. பக்கத்தில் நிற்கும் பையனுக்கு உறுத்துகிறது. “அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்கிறான். பதில் இல்லை. மறுபடி கேட்கிறான். மூன்றாவது முறை கேட்டதும் அப்பா கோபத்தில், “உன்னை யமனுக்குக் கொடுக்கிறேன்” என்கிறார். நம் வீடுகளில் “எங்கேயாவது தொலைஞ்சு போ” என்பது போலத்தான். பையன் அதை நிஜமாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான்.

பெரியவரின் போலித்தனத்தைச் சின்னவன் கண்டுபிடிப்பதில்தான் அந்த நூலே தொடங்குகிறது. தைத்திரீய உபநிடதத்திலும் இப்படி ஓர் இடம் உண்டு. ‘மாத்ரு தேவோ பவ, பித்ரு தேவோ பவ’ என்ற வரி எல்லா ஆண்டு விழாக்களிலும் ஒலிக்கிறது. அதற்கு இரண்டு வரி தள்ளி, “எங்களிடம் உள்ள நல்ல நடத்தையை மட்டும் பின்பற்று, மற்றதை வேண்டாம்” என்று குருவே மாணவனிடம் சொல்கிறார். அதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. இங்கே அதையும் சேர்த்தேதான் நடத்துகிறோம். ஆகவே, உங்கள் பிள்ளை வீட்டில் கேள்வி கேட்பது முதலில் கூடத்தான் செய்யும்.

எந்த நூலில் ஆரம்பிக்கிறீர்கள்?

கட உபநிடதத்தில். கீதையில் தொடங்கச் சொல்பவர்கள் அதிகம், அதுவும் சரியான வழிதான். ஆனால் அர்ஜுனனின் சிக்கல் குடும்பமும் கடமையும் உள்ள பெரிய மனிதனின் சிக்கல். நசிகேதனோ இவர்கள் வயதுப் பையன், இவர்களைப் போலவே பிடிவாதக்காரன்.

யமன் வீட்டில் இல்லாததால் மூன்று இரவு பட்டினியாகக் காத்திருக்கிறான். அதற்கு ஈடாக யமன் மூன்று வரம் தருகிறான். முதல் வரத்தில் பையன் கேட்பது, “அப்பாவின் கோபம் தணிய வேண்டும்.” இதைச் சொல்லும்போது வகுப்பில் பேச்சு மூச்சு இருக்காது. இரண்டாவது வரம் யாக அக்கினியைப் பற்றியது. மூன்றாவதுதான் விஷயம்: “மனிதன் இறந்த பிறகு இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். எது உண்மை?” யமன் தப்பிக்கப் பார்க்கிறான். நூறு வயது வாழும் பிள்ளைகள், பேரன்கள், யானை, குதிரை, பொன், தேரில் ஏறிய அழகிகள், எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை மட்டும் கேட்காதே என்கிறான். “இதெல்லாம் நாளைக்கு இருக்குமா? புலன்களின் தெம்பைத்தான் தேய்க்கும். தேரையும் ஆட்டபாட்டத்தையும் நீயே வைத்துக்கொள்” என்கிறான் பையன்.

அதன்பிறகுதான் யமன் சிரேயஸ், பிரேயஸ் என்ற இரண்டையும் பிரித்துக் காட்டுகிறான். நல்லது ஒன்று, பிடித்தது இன்னொன்று. இரண்டும் ஒவ்வொரு மனிதனிடமும் வந்து நிற்கின்றன. ராத்திரி பதினொரு மணிக்குக் கையில் போனோடு இருக்கும் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

கட முடிந்ததும் கீதையில் இரண்டு இடங்களைப் படிக்கிறோம். ஒன்று 2-ஆம் அத்தியாயத்தின் 62, 63-ஆம் சுலோகங்கள்: ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தால் பற்று, பற்றிலிருந்து ஆசை, ஆசை தடைபட்டால் கோபம், அப்புறம் மயக்கம், நினைவு தப்புதல், புத்தி கெடுதல் என்று படிப்படியாக இறங்கும் வரிசை அது. மற்றது தியானத்தைப் பற்றிய 6-ஆம் அத்தியாயம். பிறகு சாந்தோக்யத்தின் 6, 8-ஆம் பகுதிகள். ஒரு வருடத்துக்கு இவ்வளவே அதிகம்.

என் பெண் எந்நேரமும் கண்ணாடி, செல்ஃபி என்றே இருக்கிறாள். அவளுக்கு இதெல்லாம் ஏறுமா?

முதலில் ஏறுவது அவளுக்குத்தான். சாந்தோக்யத்தின் 8-ஆம் பகுதியை அவளிடம் கொடுங்கள்.

ஆத்மாவை அறிந்தவனுக்கு எல்லா உலகமும் கிடைக்கும் என்று படைப்புக் கடவுளான பிரஜாபதி சொன்னது தேவர்களுக்கும் அசுரர்களுக்கும் எட்டுகிறது. தேவர் பக்கமிருந்து இந்திரனும் அசுரர் பக்கமிருந்து விரோசனனும் வந்து 32 வருடம் அவரிடம் தங்குகிறார்கள். கடைசியில் பிரஜாபதி, “நன்றாக உடுத்தி, நகை பூட்டிக்கொண்டு, தண்ணீர்ப் பாத்திரத்தில் உங்களைப் பாருங்கள்” என்கிறார். பார்க்கிறார்கள். அலங்காரத்தோடு அழகாகத் தெரிகிறது. “இதுதான் ஆத்மா” என்கிறார். இருவரும் சந்தோஷமாகக் கிளம்புகிறார்கள்.

விரோசனன் நேரே ஊருக்குப் போய், உடம்புதான் எல்லாம், அதைக் கொண்டாடுங்கள் என்று பிரசாரம் தொடங்கிவிடுகிறான். இந்திரனுக்குப் பாதி வழியில் ஒரு சந்தேகம். உடம்பை அலங்கரித்தால் அந்த உருவமும் அலங்காரமாகத் தெரிகிறது. அப்படியானால் உடம்பு குருடானால் அதுவும் குருடாகுமே, உடம்பு அழிந்தால் அதுவும் அழியுமே? திரும்பிப் போகிறான். இன்னும் 32 வருடம். ஒரு பதில் கிடைக்கிறது, வழியில் அதிலும் ஓட்டை தெரிகிறது, மறுபடி 32 வருடம், கடைசியில் ஒரு 5. மொத்தம் 101 வருடம் இந்திரன் மாணவனாக இருந்தான்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “ஆகவே செல்ஃபி எடுக்காதே” என்று முடித்தால் எல்லாம் பாழ். போட்டோவுக்கு லைக் குறைந்த நாளில் யாருக்கு வருத்தம் வந்தது, படத்திலிருப்பவளுக்கா, பார்த்துக்கொண்டிருப்பவளுக்கா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுங்கள். இந்திரன் செய்ததை அவளே செய்வாள்.

தியானம் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

சிம்பிளாகத்தான். மடித்த போர்வையில் சம்மணமிட்டு உட்காரலாம், கால் வலித்தால் நாற்காலி. முதுகு நேராக, தோள் தளர்வாக. போன் அடுத்த அறையில். சைலண்ட்டில் போட்டு மடியில் வைத்துக்கொள்வது கணக்கில் சேராது. மூன்று முறை ஓங்காரம், அல்லது அந்த வீட்டில் வழக்கமான கடவுள் நாமம். பிறகு மூச்சு வருவதையும் போவதையும் மூக்கு நுனியில் கவனிப்பது. மூச்சைப் பிடித்துவைக்கும் கும்பகம், வேகமாக ஊதும் பஸ்திரிகை இரண்டையும் இந்த வயதில் நாங்கள் தருவதில்லை, யூடியூப் பார்த்துச் செய்வதையும் அனுமதிப்பதில்லை. மூச்சு கொஞ்சம் சீரானதும் ஒரு நாமத்தை மனதுக்குள் சொல்வது. கடைசி இரண்டு நிமிடம் எதுவும் செய்யாமல் இருப்பது.

முதல் மாதம் ஐந்து நிமிடம். பிறகு பத்து. பதினைந்துக்கு மேல் வேண்டாம். தினமும் ஐந்து நிமிடம் உட்காருகிற பிள்ளை, ஞாயிறு மட்டும் ஒரு மணி நேரம் உட்காருகிற பிள்ளையைவிட எவ்வளவோ முன்னால் போய்விடும்.

முடிந்ததும் ஒரு நோட்டில் இரண்டு வரி: இன்று மனம் எங்கெங்கே போனது? அந்த நோட்டை ஆசிரியர் பார்ப்பதில்லை. பெற்றோரும் பார்க்கக் கூடாது. ஒருமுறை எடுத்துப் படித்தீர்கள் என்றால், அதற்குப் பிறகு அதில் உங்களுக்காக எழுதப்பட்ட பொய்தான் இருக்கும்.

“கண்ணை மூடினா மனசு நூறு இடத்துக்குப் போகுது. எனக்கு வராது சார்.”

அர்ஜுனனும் இதையேதான் சொன்னான். கீதை 6-34: மனம் காற்றைப் போல, அதை அடக்க முடியாது. கண்ணன் அதை மறுக்கவே இல்லை. சந்தேகமில்லாமல் கஷ்டம்தான், ஆனால் அப்பியாசத்தாலும் (விடாத பயிற்சி) வைராக்கியத்தாலும் (பற்றை விடுதல்) பிடிபடும் என்கிறான். அதற்குச் சற்று முன்னால், 26-ஆம் சுலோகத்தில், செய்ய வேண்டிய வேலையையும் சொல்லிவிட்டான்: எங்கெங்கே ஓடுகிறதோ அங்கங்கிருந்து திருப்பிக் கொண்டுவா. ஆகவே நூறு முறை ஓடி நூறு முறை திரும்பினால் நூறு முறை தியானம் செய்திருக்கிறாய். ஓடியதை நீ கவனித்தாயே, அந்தக் கவனம்தான் நமக்கு வேண்டும்.

நாமம் எதற்கு என்றால், ரமணர் ‘நான் யார்?’ நூலில் யானையைக் காட்டுகிறார். சும்மா இராமல் துழாவும் துதிக்கையில் ஒரு சங்கிலியைக் கொடுத்தால் அதைப் பிடித்துக்கொண்டே நடக்கும். கோயில் யானையைப் பார்த்த பிள்ளைகளுக்கு உடனே புரிகிறது.

உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறான்.

தூங்கட்டும். 13 முதல் 18 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. டியூஷன் முடிந்து பதினொன்றுக்குப் படுக்கும் பிள்ளையைப் பிரம்ம முகூர்த்தம் என்று நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். அதிகம் உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதை 6-16 சொல்கிறது. சாயங்காலம் விளக்கேற்றும் நேரம் நன்றாகவே இருக்கிறது.

மார்க் கூடுமா?

கவனம் கொஞ்சம் நிலைக்கலாம், பரீட்சை பயம் குறையலாம். மார்க் கூடும் என்ற உறுதியை விற்கும் வகுப்புகள் ஊரில் நிறைய உண்டு, இது அந்தக் கடை இல்லை.

‘நான் யார்’ என்று கேட்கச் சொல்கிறீர்கள். பிள்ளை என்ன பதில் சொல்ல வேண்டும்?

பதில் சொல்லக் கூடாது என்பதுதான் இதில் கஷ்டமே. “நான் உடம்பு இல்லை, நான் ஆத்மா, சச்சிதானந்தம்” என்று ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒப்பிக்கும். அது பொது அறிவுக் கேள்விக்கான விடை.

1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் திருவண்ணாமலையில் ரமணரிடம் போய்க் கேட்டதும் ‘நான் யார்?’ என்பதையே. ரமணர் அப்போது பேசாமல் இருந்த காலம், பதில்களை எழுதிக் காட்டினார். அவை பின்னால் சிறு நூலாயின. எந்த நினைவு வந்தாலும், இது யாருக்கு வந்தது என்று பார், எனக்கு என்று தோன்றும், அந்த ‘நான்’ யார் என்று பார். நூலின் முறை இவ்வளவுதான். மந்திரம்போல ‘நான் யார், நான் யார்’ என்று உருப்போடுவதில் விசாரம் இல்லை.

பிள்ளைகளுக்கு இதை உணர்ச்சியிலிருந்து தொடங்குவது சுலபம். கோபம் வந்தது, சரி. வந்ததைப் பார்த்தது யார்? பத்து நிமிடம் கழித்துக் கோபம் போய்விட்டது. பார்த்தவனும் கூடவே போய்விட்டானா? இங்கே கொஞ்ச நேரம் விடுங்கள். அவசரப்பட்டு நாமே சொல்லிவிட்டால் அது நம்முடைய பதிலாகத்தான் இருக்கும்.

இன்னொரு வழி, சாந்தோக்யத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்குக் காட்டிய உப்பு. அதை வகுப்பிலேயே செய்கிறோம். முந்தின ஞாயிறு ஒரு சொம்புத் தண்ணீரில் கல் உப்பைப் போட்டு மூடி வைத்துவிட்டு, அடுத்த வாரம் “அந்த உப்பை எடுத்துக் கொடு” என்போம். மேலே ஒரு வாய், நடுவில் ஒரு வாய், அடியில் ஒரு வாய். எங்கும் கரிக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “அடுப்புல வச்சா உப்பு திரும்ப வந்துடும் சார்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவன் சொன்னது உத்தாலகரின் பாடத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணால் பார்க்க முடியாதது இல்லை என்று ஆகிவிடாது, அறிய வேறு உபாயம் வேண்டும். அன்றைக்கு அரை மணி நேரம் அந்த உபாயம் எது என்றே பேசினோம்.

“எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. வரலாமா?”

வரலாம். ‘நான் இருக்கிறேன்’ என்பதை நம்ப ஒன்றுமில்லை, அங்கிருந்து தொடங்கலாம். ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில், படைப்பைப் பற்றிய 129-ஆம் சூக்தம், இது எங்கிருந்து வந்தது என்று மேலே இருப்பவனுக்குத் தெரியும், அல்லது அவனுக்கும் தெரியாதோ என்று கேட்டு முடிகிறது. அவ்வளவு தைரியமான சந்தேகத்தை வேதமே வைத்துக்கொண்டிருக்கும்போது, பிளஸ் ஒன் பையனின் சந்தேகத்துக்கு நாம் பதறுவானேன்?

நாங்கள் வைணவர்கள். இதெல்லாம் அத்வைதம் இல்லையா?

நியாயமான கேள்வி. ஆத்மாவும் பிரம்மமும் ஒன்றே என்பது அத்வைதிகள் கொள்ளும் பொருள். வைணவத்தில் ஆத்மா எம்பெருமானுக்குச் சேஷன், அவனுக்கே உரியவன். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் தனித்தனி, உயிர் சிவத்தோடு இரண்டறக் கலந்தாலும் சிவமாகிவிடுவதில்லை. ஆனால் தன்னை அறி என்பதில் மூவருக்கும் சண்டை இல்லை. வைணவர்கள் அறிய வேண்டியதாகச் சொல்லும் அர்த்த பஞ்சகம் என்ற ஐந்தில் ஜீவனின் சொரூபமும் (உண்மை இயல்பு) ஒன்று. வகுப்பில் மூன்று கொள்கையையும் சொல்கிறோம், வீட்டு சம்பிரதாயத்தை மாற்றச் சொல்வதில்லை.

சமஸ்கிருதம் தெரிய வேண்டுமா?

வேண்டாம். உபநிடதத்தைத் தமிழ் உரையோடு படிக்கலாம், அதே விஷயத்தை நேரே தமிழிலும் படிக்கலாம். ‘தன்னை அறியத் தனக்கொரு கேடில்லை, தன்னை அறியாமல் தானே கெடுகின்றான்’ என்ற திருமந்திரத்துக்குப் பதவுரைகூடத் தேவையில்லை. ‘சும்மா இரு சொல்லற’ என்று முருகன் சொன்னதாக அருணகிரிநாதர் பாடும் கந்தர் அனுபூதி வரி பிள்ளைகளிடம் பயங்கர ஹிட். வீட்டில் வேலை சொன்னால் திருப்பிச் சொல்கிறார்கள் என்று புகார் வந்திருக்கிறது.

பெண் பிள்ளைகள் எல்லா நாளும் தியானம் செய்யலாமா? எல்லாச் சாதியினரும் வரலாமா?

எல்லா நாளும் செய்யலாம். மூச்சைக் கவனிக்கவும் நாமம் சொல்லவும் தீட்டு எங்கிருந்து வரும்? யாக்ஞவல்கிய முனிவரைச் சபையில் துணிந்து கேள்வி கேட்ட கார்கியும், சொத்து வேண்டாம், அமரத்துவம் தருவதைச் சொல்லுங்கள் என்ற மைத்ரேயியும் பிருகதாரண்யக உபநிடதத்திலேயே இருக்கிறார்கள். மூலாதாரம் முதல் யோக நிலைகளைச் சொல்லும் விநாயகர் அகவல் ஔவையார் பாடியது.

சாந்தோக்யத்தில் வரும் சத்தியகாமன் என்ற பையன் குருவிடம் போனபோது கோத்திரம் என்ன என்று கேட்கப்பட்டது. “தெரியாது, அம்மாவுக்கும் தெரியவில்லை” என்று அம்மா சொன்னதை அப்படியே சொன்னான். உண்மையிலிருந்து நீ விலகவில்லை என்று அதற்காகவே அவனைச் சேர்த்துக்கொண்டார் அந்தக் குரு, கௌதமர். சாதிச் சான்றிதழ் கேட்கும் ஆத்ம ஞான வகுப்பு எங்காவது இருந்தால், அவர்கள் சாந்தோக்யத்தை நடத்தும்போது இந்தப் பக்கத்தை என்ன செய்வார்களோ.

சாமியாராகப் போய்விடுவானோ என்று பயமாக இருக்கிறது.

ரமணர் போனார். 1896 ஆகஸ்டு 29 அன்று, அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கு வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மீதியோடு ஒரு கடிதம் வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினார். அவரை யாரும் வகுப்புக்கு அனுப்பவில்லை என்பதையும் கவனியுங்கள்.

கீதையோ எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் பிச்சை எடுத்துப் பிழைக்கிறேன் என்றவனை, இருந்து உன் வேலையைச் செய் என்று நிறுத்திய நூல். பிள்ளைகளிடம் அதைத்தான் சொல்கிறோம். 18 வயதுக்கு முன்னால் துறவுப் பேச்சை எடுக்கும் எந்த ஆசிரியரிடமும் பிள்ளையை விடாதீர்கள்.

என் பிள்ளை மன அழுத்தத்தில் இருக்கிறாள். தியானம் சரிசெய்யுமா?

முதலில் மருத்துவர், பிறகுதான் தியானம். கடுமையான பதற்றமோ, சோர்வோ, பழைய அதிர்ச்சியோ உள்ள சிலருக்குக் கண்ணை மூடி உட்காருவது நிலைமையை மோசமாக்கவும் கூடும். சுற்றி எதுவும் நிஜமில்லை போல, தன் உடம்பே தன்னுடையது இல்லை போல ஒரு பிள்ளை சொன்னால் அதை ஞானம் என்று மெச்சாதீர்கள். தியானத்தை நிறுத்தி மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ‘நீ உடம்பு இல்லை’ என்ற வாக்கியத்தை, வாழப் பிடிக்கவில்லை என்று நினைக்கும் பிள்ளையிடம் சொல்லவே கூடாது. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

இது எங்கள் வகுப்பில் எல்லா ஆசிரியருக்கும் எழுதிக் கொடுக்கப்பட்ட விதி.

நல்ல ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சின்மயா மிஷன், ராமகிருஷ்ண மடம் போன்ற பழைய அமைப்புகள் பல ஊர்களில் இளைஞர் வகுப்பு நடத்துகின்றன, விசாரித்துப் பாருங்கள். எங்கே போனாலும் சிலவற்றைக் கவனியுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையிடம் ஆசிரியர் முகம் சுளிக்கிறாரா? கட உபநிடதத்து யமன், “உன்னைப் போல் கேட்பவர்களே எங்களுக்குக் கிடைக்கட்டும், நசிகேதா” என்கிறான். பெற்றோர் உள்ளே உட்காரலாமா? தனியறையில் தனி உபதேசம், வீட்டில் சொல்லாதே, ரகசிய தீட்சை என்று எதுவும் வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். தவறாக ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. காவி கட்டியிருக்கிறாரே என்று தயங்க வேண்டாம்.

வர மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா?

பதினெட்டு அத்தியாயம் சொல்லி முடித்த கண்ணன், “இதை முழுக்க யோசித்துப் பார், பிறகு உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய்” என்கிறான் (18-63). போர்க்களத்தில், அவ்வளவு நெருக்கடியில் சொன்னது. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

மூன்று வாரம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், “உனக்காகத்தானே” என்று சாப்பாட்டு நேரத்தில் குத்திக்காட்ட வேண்டாம். சாயங்காலம் நீங்கள் பத்து நிமிடம் டிவியை அணைத்து உட்காருங்கள், அவனைக் கூப்பிடாமல். புத்தகம் ஹாலில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பூஜை அறையில் பட்டுத் துணி சுற்றி வைத்துவிடாதீர்கள். புது வகுப்பு ஜூனில் தொடங்கும், அப்போது இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.